ஒரே முகத்தில் ஓரவஞ்சனை

எங்கள் கிரீம் கம்பெனியில் என் வேலைக்கு ஒரே ஒரு தகுதிதான் வேண்டியிருந்தது. வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். அந்த விஷயத்தில் நான் பிறவி மேதை. சின்ன வயதில் வீட்டுக்கு வருகிறவர்கள், பொண்ணு பேசுமா என்று அம்மாவிடம் தணிந்த குரலில் கேட்பார்களாம். பேசத் தெரியும், பேசாது என்று அம்மா சொல்வாளாம்.

கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மாடியில் வீடு, கீழே நான்கு அறை. முதல் அறையில் இடுப்பளவு உயரத்தில் ஒரு எஃகுப் பாத்திரம், அதன் தலையில் ஒரு மோட்டார். கிரீம் அங்கேதான் பிறக்கிறது. இரண்டாவது பேக்கிங் அறை. மூன்றாவது அண்ணனின் ஆபீஸ். ஒரு மேசையும் ஒரு மின்விசிறியும் அந்த மின்விசிறிக்குப் பயந்து கல்லுக்கடியில் கிடக்கும் காகிதங்களும். நான்காவது அறை அண்ணியுடையது. அதற்குச் சாறு அறை என்று பெயர். இந்தக் கதை அந்த நான்காவது அறை யாருக்கு என்பதைப் பற்றியது.

அண்ணன் பதினைந்து வருடமாகக் கிரீம் செய்கிறார். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்று உலகமே சொல்லிக்கொண்டிருக்கும்போது, அவை இரண்டையும் ஒட்டவைத்தே குடும்பம் நடத்துகிறவர். அண்ணி ஆஸ்பத்திரி லேபில் பத்து வருடம் ரத்தத்தையும் சிறுநீரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த வேலையை விட்டுவிட்டுப் பப்பாளிக்கு வந்தாள்.

அவள் எடுப்பது குடிக்கிற சாறு இல்லை. காயாக இருந்தால் அதன் பால் தோலை அரித்துவிடும். நன்றாகக் கனிந்துவிட்டால் அதில் வேலை செய்கிற சரக்கு குறைந்துவிடும். இரண்டுக்கும் நடுவில், மஞ்சள் கோடு விழ ஆரம்பித்த பழமாகப் பார்த்து எடுப்பாள். வெட்டி, விதை நீக்கி, மசித்து, துணியில் வடிகட்டி, மெல்லிய சூட்டில் சுண்டவைத்து, கிளிசரின் சேர்த்துப் பாட்டிலில் அடைப்பாள். பப்பாளியில் ஒரு நொதி இருக்கிறது. முகத்தின் மேல் ஒட்டிக்கொண்டு போக மறுக்கும் செத்த தோலை அது மெதுவாகத் தளர்த்திவிடும். அண்ணி சொல்வது அவ்வளவுதான். வெள்ளையாக்கும் என்றோ வயதைக் குறைக்கும் என்றோ அவள் வாயிலிருந்து வராது. செத்ததை வழியனுப்பும், உயிரோடு இருப்பதைத் தொந்தரவு செய்யாது என்பாள். இப்படிச் சொன்னால் எவன் வாங்குவான் என்று அண்ணன் கேட்பார்.

அண்ணனுக்குச் சாற்றின் மேல் தனிப்பட்ட கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் அதிகச் சூட்டில் நொதி செத்துவிடும், கிரீம் நாற்பது டிகிரிக்கு ஆறிய பிறகுதான் சாற்றைச் சேர்க்க வேண்டும் என்று அண்ணி பிடிவாதமாக இருந்தாள். அந்த ஆறுகிற நேரம் அவரைக் கொன்றது. தெர்மாமீட்டரையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி, குழந்தை பிறக்கக் காத்திருக்கும் அப்பாவைப் போலப் பாத்திரத்தைச் சுற்றி வருவார்.

"கிரீம்ல பாதி வேலையை எண்ணெய் பார்க்குது, மீதி வேலையைக் கண்ணாடி பார்க்குது. பழம் லேபிள்ல படமா இருந்தா போதும்" என்பது அவருடைய கட்சி.

இந்த நிலைமையில்தான் லோஷன் நிரப்பும் மெஷின் ஒன்று விலைக்கு வந்தது. வைக்க இடம் இல்லை. இடம் என்றால் நான்காவது அறைதான். ஒருநாள் காலையில் அண்ணன் அந்த அறைத் தரையில் சாக்பீஸால் நீள அகலம் கோடு போட்டுப் பார்த்தார். பப்பாளிக் கூடைகளுக்கு நடுவே வெள்ளைக் கோடுகள். அண்ணி கோட்டை மிதிக்காமல் தாண்டித் தாண்டி இரண்டு நாள் வேலை பார்த்தாள். மூன்றாம் நாள் பழைய ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது: லேபில் இடம் காலியாகிறது, திரும்ப வர விருப்பமா, அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும்.

அன்று மாலை அண்ணி தானாகவே ஒரு பந்தயம் கட்டினாள். ஒரே கிரீம், பாதியில் சாறு, பாதியில் சாறு இல்லை. பத்துப் பேருக்குக் கொடுப்போம். ஒரு கன்னத்துக்கு ஒன்று, மறு கன்னத்துக்கு மற்றது, இருபத்தெட்டு நாள். இரண்டு கன்னத்துக்கும் வித்தியாசம் இல்லையென்றால் அவளே கூடைகளை எடுத்து வெளியே வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவாள். அண்ணன் தலையாட்டினார். அவர் நியாயமான மனிதர். அதுதான் பயமாக இருந்தது.

நாத்தனாரும் அண்ணியும் என்றால் பாம்பும் கீரியும் என்று ஊரில் பேர். நாங்களோ ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, மணிக்கணக்காக ஒரு வார்த்தை பேசாமல் பப்பாளி விதை எடுக்கிறவர்கள். எனக்குப் புத்தகமும் அமைதியும் போதும்; அவளுக்கும் அந்த அமைதி பிடித்திருந்தது. அந்தப் பெஞ்சு போய்விடும் என்று நினைத்தபோதுதான், அது எனக்கு எவ்வளவு வேண்டியது என்று தெரிந்தது.

பரிசோதனைக்கு நான் காவல்காரி. ஆளுக்கு இரண்டு டப்பா, நாற்பது கிராம் வீதம். சிவப்பு மூடி இடது கன்னத்துக்கு, நீல மூடி வலது கன்னத்துக்கு. எதில் சாறு இருக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஐந்து பேருக்குச் சிவப்பில், ஐந்து பேருக்கு நீலத்தில். யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கி ஒரு நோட்டில் எழுதிப் பூட்டிவைத்தேன். சாறு இல்லாத கிரீமுக்கும் அதே இளமஞ்சள் நிறம், அதே லேசான வாசனை வரும்படி செய்திருந்தேன். தேய்க்கிறவர்களுக்குத் தெரியாது, அண்ணனுக்குத் தெரியாது, அண்ணிக்கும் தெரியாது. அண்ணன் முதல் நாளும் கடைசி நாளும் மட்டும் முகத்தைப் பார்ப்பார். நடுவில் பார்த்தால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்று அவரே விதி வைத்தார்.

பத்துப் பேர் கிடைப்பது கஷ்டமாக இல்லை. இலவசக் கிரீம் என்றால் கன்னம் இல்லாதவனும் கன்னத்தைக் காட்டுவான். பேக்கிங் அறைப் பெண்கள் ஐந்து பேர், தெருமுனை மருந்துக் கடைக்காரர், பக்கத்துக் கடை டெய்லர், எங்கள் வேன் டிரைவர், எதிர்வீட்டுக் கணக்கு டீச்சர். பத்தாவது ஆள் எங்கள் பெரியம்மா. அம்மாவுக்கு மூத்தவள். எங்களோடுதான் இருக்கிறாள். அறுபத்து மூன்று வயதிலும் கண்ணாடியைக் கடக்கும்போது நின்று விசாரித்துவிட்டுத்தான் போவாள்.

விதியைச் சொன்னதும் பெரியம்மாவுக்குச் சம்மதமில்லை. "ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்புன்னு கேள்விப்பட்டிருக்கேன். இப்ப கன்னத்துக்கும் வந்துடுச்சா?" என்றாள். கணக்கு டீச்சர் மட்டும் டப்பாக்களை வாங்கிக்கொண்டு, ஒரு வேளைக்கு எத்தனை கிராம், தேய்க்கும் முன் முகம் கழுவ வேண்டுமா, துடைப்பது எந்தத் துண்டால் என்று ஏழு கேள்வி கேட்டு எழுதிக்கொண்டார். ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. திருத்துவதற்குத் தாள்கள் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது.

இருபத்தெட்டு நாளும் எனக்கு விரதம் மாதிரி. எதிரே வருகிற ஒவ்வொரு முகத்திலும் எந்தப் பாதியில் சாறு என்று எனக்குத் தெரியும். பார்க்கவும் கூடாது, பார்க்காமலும் இருக்க முடியாது. டிரைவர் தினமும் வேனிலிருந்து இறங்கி, என்னமா கிரீம் இது, மூணே நாள்ல பளபளப்பு என்று கன்னத்தைத் தடவிக் காட்டுவார். டெய்லரிடம் கேட்டால் நமுட்டுச் சிரிப்பு சிரிப்பார். பெரியம்மா முதல் வாரம் முழுக்கக் கண்ணாடி முன் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தாள். அப்புறம் ஒருநாள் அதை நிறுத்திவிட்டாள். பழகிவிட்டது போலும் என்று நினைத்தேன்.

கடைசி நாள் சனிக்கிழமை. பேக்கிங் மேசையை ஒதுக்கி ஜன்னல் ஓரமாக நாற்காலி போட்டார்கள். அண்ணன் கையில் விளக்கு பொருத்திய பூதக்கண்ணாடி, தோலின் ஈரத்தைக் காட்டும் பேனா அளவுக் கருவி, மடியில் அட்டவணை. ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். சொரசொரப்புக்கு ஐந்துக்கு இத்தனை, ஈரத்துக்கு இத்தனை என்று இரு கன்னத்துக்கும் தனித்தனியாக மதிப்பெண். டிரைவரின் கன்னத்தில் கருவியை வைத்தபோது அண்ணன் புருவத்தைத் தூக்கினார். ஆனால் ஒன்றும் கேட்காமல் எழுதினார். எல்லோரும் டப்பாக்களை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுவிட்டுப் போனார்கள்.

மத்தியானம் அட்டவணை என் கைக்கு வந்தது. நோட்டைத் திறந்து, சாறு பட்ட கன்னங்களை ஒரு பக்கமும் படாத கன்னங்களை ஒரு பக்கமும் கூட்டினேன். மறுபடி கூட்டினேன். வித்தியாசம் இல்லை. அநேகமாக எல்லா முகமும் நன்றாகத்தான் ஆகியிருந்தது. ஆனால் இரண்டு கன்னமும் ஒன்றுபோல ஆகியிருந்தது. கணக்கு டீச்சர் ஒருவருக்குத்தான் வலது கன்னம் கண்ணுக்குத் தெரிகிற அளவு மிருதுவாக இருந்தது, இடது கன்னம் கொஞ்சம்தான் மாறியிருந்தது. ஒருத்தரை வைத்து முடிவு பண்ண முடியாது என்று அண்ணன் சொல்லிவிட்டார். குரலில் வெற்றி இல்லை. ரெண்டு பக்கமும் நல்லா ஆயிருக்குன்னா, வேலை பார்த்தது எண்ணெய்தானே என்று தரையைப் பார்த்துச் சொன்னார். பிறகு வெளியே போய்விட்டார்.

நான் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அண்ணி பழத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"விடு. கூட்டல் சரிதானே?" என்றாள்.

"சரிதான் அண்ணி."

அவள் கத்தியைத் துடைத்து வைத்தாள். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என் பக்கம் தள்ளினாள். ஆஸ்பத்திரிக்கு எழுதிய பதில். வருகிறேன் என்று இரண்டே வரி. கையெழுத்து மட்டும் பாக்கி. பேனாவைத் தேடுகிற மாதிரி இழுப்பறையைக் கிளறினாள். பேனா அவள் காதிலேயே இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை.

பின்பக்கம் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வரும் டப்பாக்களைக் கழுவி அடுக்குவது எங்கள் வழக்கம். பாத்திரம் கழுவும் அக்கா அட்டைப்பெட்டியைத் தொட்டிப் பக்கம் வைத்துவிட்டுச் சோப்புத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் நான் போய்ப் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. பெட்டிக்குள் டப்பாக்கள் ஒரே மாதிரி சத்தம் போடவில்லை. சில டப்பாக்கள் கனமாக முட்டிக்கொண்டன; சில காலியாகக் கலகலத்தன.

கழுவாதீங்க என்று சொன்னேன். அந்த அக்கா திடுக்கிட்டுப் பார்த்தாள். மூன்று வருடத்தில் நான் அவளிடம் சொன்ன முதல் முழு வார்த்தை அதுவாக இருக்கலாம்.

டப்பாக்களில் பெயர் ஒட்டியிருந்தபடியால் ஜோடி சேர்ப்பது எளிது. பெரியம்மாவின் டப்பாக்களை முதலில் திறந்தேன். நீல மூடி டப்பாவில் கிரீம் கிட்டத்தட்ட நிரம்பி இருந்தது. நடுவில் ஒரு வாரத்துக் குழி மட்டும். சிவப்பு மூடி டப்பா அடிவரை வழிக்கப்பட்டிருந்தது. விரல் எட்டாத மூலையிலும் ஏதோ குச்சியை விட்டுச் சுரண்டிய கீறல்.

டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். பெரியம்மா ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இரண்டு டப்பாவையும் அவள் முன்னால் திறந்துவைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தால் மனிதர்களுக்குத் தாங்காது. பெரியம்மா நான்கு இலை ஆய்வதற்குள் ஒப்புக்கொண்டாள்.

"என்னைப் பார்க்காதே. ஒரு வாரம் நீ சொன்னபடிதான் செஞ்சேன். எட்டாம் நாள் பார்த்தா இடது பக்கம் ரோஜாப்பூ மாதிரி இருக்கு, வலது பக்கம் மரப்பட்டை மாதிரி இருக்கு. ரெண்டும் நான் பெத்த கன்னம்டி. ஒண்ணுக்குச் செஞ்சு ஒண்ணை எப்படி விடறது? ஒரே முகத்துல ஓரவஞ்சனை பண்ணச் சொல்றியா?"

சிவப்பு டப்பாவையே இரண்டு கன்னத்துக்கும் போட்டிருக்கிறாள். பின்தங்கின கன்னம் பிடிச்சு வரட்டும் என்று அதற்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாக. அப்படியானால் நீலத்தை ஏன் திருப்பிக் கொடுத்தாய் என்று கேட்டேன். ஒழுங்காகத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது நீதானே என்றாள்.

படிகளில் இறங்கும்போது கால் தரையில் படவில்லை. தராசை எடுத்துவைத்து இருபது டப்பாக்களையும் நிறுத்தேன். சொன்னபடி தேய்த்திருந்தால் ஒவ்வொரு டப்பாவிலும் பாதிக்குச் சற்றுக் குறைவாக மீதி இருக்க வேண்டும். அப்படி இருந்தது ஒரே ஒருவருடையது. கணக்கு டீச்சர். சிவப்பில் பதினெட்டு கிராம் மீதி, நீலத்திலும் பதினெட்டு கிராம் மீதி. டெய்லரின் டப்பா இரண்டுமே துடைத்துவைத்தாற்போல் காலி. டிரைவரின் டப்பா இரண்டும் சீல்கூடப் பிரிக்காமல் இருந்தன. மூன்றே நாளில் வந்த பளபளப்பு எங்கிருந்து வந்தது என்பது அவருக்கே வெளிச்சம். மீதி ஏழு பேருக்கும் பெரியம்மாவின் கதைதான். ஒரு டப்பா சுரண்டப்பட்டிருந்தது, ஒரு டப்பா ததும்பியது. நாலு பேருக்குச் சிவப்பு காலி, மூன்று பேருக்கு நீலம் காலி.

ஒவ்வொருவரையும் போனில் பிடித்தேன். பேக்கிங் அறைப் பெண் ஒருத்தி, நிச்சயம் பண்ண வர்ற நேரத்துல பாதி மூஞ்சியோட எப்படி உக்கார்றது என்று அழுகிற குரலில் கேட்டாள். மருந்துக் கடைக்காரர் சட்டம் பேசினார்: மாற்றக் கூடாது என்று எழுத்தில் கொடுக்கவில்லையாம். டெய்லர், இரண்டையும் பெண்சாதி எடுத்துக்கொண்டாள், அதைச் சொல்ல வெட்கமாயிருந்தது, அதனால்தான் சிரித்தேன் என்றார்.

அண்ணன் திரும்பி வந்தபோது பேக்கிங் மேசையில் இருபது டப்பாக்களும் ஜோடி ஜோடியாக நின்றன. மூடிகள் திறந்திருந்தன. பெரியம்மாவும் கீழே வந்துவிட்டாள். செய்த குற்றத்தைப் பார்வையிட வந்தவள் போல இல்லை. பரிசு வாங்க வந்தவள் போல நின்றாள். நான் அவருக்கு விஷயத்தைச் சொன்னேன். என் வாழ்நாளில் நான் பேசிய மிக நீண்ட பேச்சு அது. ஐந்து நிமிடம் இருக்கும்.

அண்ணன் பொறுமையாகக் கேட்டார். அப்புறம் மெல்லத் தலையசைத்தார். விதியை மீறியபடியால் பரிசோதனை கெட்டுவிட்டது, கெட்ட பரிசோதனையிலிருந்து ஒன்றும் எடுக்க முடியாது, இவர்களுக்கு மூடியின் நிறம் பிடித்திருக்கலாம் என்றார்.

"நாலு பேர் சிவப்பைக் காலி பண்ணியிருக்காங்க. மூணு பேர் நீலத்தை" என்றேன்.

"சரி. அதனால?"

நோட்டை அவரிடம் நீட்டினேன். அதைத் திறக்கும் உரிமை அதுவரை எனக்கு மட்டும்தான் இருந்தது. அவர் டப்பாவைப் பார்ப்பதும் நோட்டைப் பார்ப்பதுமாக மேசை ஓரமாக நடந்தார். முதல் ஜோடி, காலியானது சிவப்பு, சாறு இருந்தது சிவப்பு. இரண்டாவது ஜோடி, காலியானது நீலம், சாறு இருந்தது நீலம். மூன்றாவது. நான்காவது. ஐந்தாவதில் அவர் நடை தளர்ந்தது. ஏழாவதில் நின்றுவிட்டார்.

"ஏழு பேருமேவா?"

நான் தலையாட்டினேன். காசை ஏழு தடவை சுண்டி ஏழு தடவையும் தலையே விழுந்த மாதிரி என்று அவரே முணுமுணுத்துக்கொண்டார். எண்ணெய் இரண்டு டப்பாவிலும் இருந்தது. வாசனை ஒன்று, நிறம் ஒன்று. கண்ணாடியும் அவரவர் வீட்டில் ஒரே கண்ணாடிதான். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் ஏழு பேர், எது என்று தெரியாமலேயே, சாறு இருந்த டப்பாவைத் தேடிப் பிடித்து மறு கன்னத்துக்கும் போட்டிருக்கிறார்கள். சாறு வேலை செய்ததால்தான் பரிசோதனை கெட்டது.

வாசலில் செருப்புச் சத்தம். கணக்கு டீச்சர். காலையில் வந்து போனவர், மறுபடி தன் நோட்டோடு வந்திருந்தார். நேராக அண்ணனிடம் போனார். முகத்தை ஒரு பக்கம் திருப்பிக் காட்டினார், பிறகு மறு பக்கம்.

"தம்பி, நீங்க சொன்னதை ஒரு வேளைகூடத் தப்பாமச் செஞ்சேன். அம்பத்தாறு வேளை. எழுதி வச்சிருக்கேன். வலது கன்னம் வழவழன்னு இருக்கு, இடது கன்னம் ஏங்கிப்போய் நிக்குது. பரீட்சை முடிஞ்சுபோச்சு இல்ல? இப்ப இடது கன்னத்துக்கு நியாயம் வேணும். எதுல என்ன இருந்துச்சு, சொல்லுங்க."

பெரியம்மா என்னைப் பார்த்து, கேட்டியா என்பது போல முகவாயைத் தூக்கினாள்.

அண்ணன் டீச்சரின் வலது கன்னத்தைப் பூதக்கண்ணாடி இல்லாமல் வெகுநேரம் பார்த்தார். அப்புறம் நான்காவது அறைக்குப் போனார். எல்லோரும் பின்னால் போனோம். அண்ணி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சுவர் மெலிது; எல்லாம் கேட்டிருக்கும். அண்ணன் தரையில் கிடந்த சாக்பீஸ் கோட்டைச் செருப்புக் காலால் தேய்த்தார். அது சரியாக அழியவில்லை. பப்பாளிச் சாறு சிந்திய இடத்தில் கோடு பசையாக ஒட்டிக்கொண்டிருந்தது. குனிந்து துணியை நனைத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

"மெஷினை எங்க வைப்பீங்க?" என்று அண்ணி கேட்டாள்.

"ஆபீஸ்ல. எனக்கு எதுக்கு அறை? மின்விசிறிகிட்டேயிருந்து காகிதத்தைக் காவல் காக்கத்தானே."

அண்ணி சிரிக்கவில்லை, ஆனால் காதிலிருந்த பேனா அவள் கைக்கு வந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மேசை மேல் வைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கு எழுதிய பதிலை விரித்து, அதன் மேல் ஒரு பழத்தை வைத்து இரண்டாக வெட்டினாள். கறுப்பு விதைகள் அந்த இரண்டு வரிகளின் மேலும் உருண்டன. நான் போய் என் இடத்தில் உட்கார்ந்து விதை எடுக்க ஆரம்பித்தேன். டீச்சர் சாறு சேர்த்த டப்பா ஒன்றை வாங்கிக்கொண்டு, இன்று மாலை இடது கன்னம், முதல் வேளை என்று நின்ற இடத்திலேயே எழுதிக்கொண்டு போனார்.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் அண்ணன் நியாயமான மனிதர் என்று சொன்னேனே. கெட்ட பரிசோதனையை ஒழுங்காக மறுபடி செய்தே ஆக வேண்டும் என்றார். அறையைப் பற்றி இனிப் பேச்சில்லை, இது லேபிளில் எழுதும் வாசகத்துக்காக என்றார். பத்துப் பேரையும் கேட்டுப் பார்த்தோம். பாதி முகம் கொடுக்க ஒருவரும் தயாரில்லை. சரி, முழங்கையில் தேய்க்கலாமா என்றால், கைக்கு மட்டும் மானம் இல்லையா என்று பெரியம்மா கேட்டாள். கடைசியில் அண்ணனே உட்கார்ந்தார். சொன்னபடி கேட்கிற முகம் ஒன்று இந்த வீட்டில் இருக்கிறது என்று மார்தட்டிக்கொண்டார். இந்தத் தடவை வாரம் ஒருமுறை டப்பாக்களை நிறுக்க வேண்டும் என்று அவரே புது விதியும் போட்டார். எது எது என்று மறுபடி நான் மட்டும் எழுதிப் பூட்டினேன்.

முதல் வாரம் நிறுத்தேன். இரண்டும் ஒரே அளவு குறைந்திருந்தன, டீச்சரின் கணக்குப்படியே. இரண்டாம் வாரம் நிறுத்தேன். இரண்டும் ஒரே அளவுதான் குறைந்திருந்தன. ஆனால் முதல் வாரத்தைப் போல் இரண்டு மடங்கு. தராசைத் துடைத்துவிட்டு மறுபடி நிறுத்தேன். அதே எடை. ஒரு கன்னம் ஒரு வாரத்தில் இவ்வளவு கிரீமைக் குடிக்க முடியாது.

மறுநாள் காலை மாடிப்படியில் அண்ணன் வெறுங்காலோடு இறங்கி வந்தார். இரண்டு கன்னமும் ஒன்றுபோல மினுமினுத்தன. ஆனால் நான் பார்த்தது அதை அல்ல. பதினைந்து வருடமாகச் சிமெண்ட் தரையில் நின்று நின்று வெடித்திருந்த அவருடைய குதிகால் இரண்டும், வெடிப்பெல்லாம் மூடி, குழந்தையின் குதிகால் போல இருந்தன. சாறு உள்ள டப்பா இரண்டு கன்னத்துக்கும் போயிருக்கிறது. எடை சமமாக வர வேண்டுமே என்று சாறு இல்லாத டப்பா குதிகாலுக்குப் போயிருக்கிறது. எண்ணெயும் தன் வேலையைப் பார்த்திருக்கிறது. அந்த மட்டில் அவர் கட்சியும் தோற்கவில்லை.

"என்ன அப்படிப் பார்க்கற?" என்றார் அண்ணன்.

"ஒண்ணுமில்லண்ணே."

அவர் அவசரமாகச் செருப்பைத் தேடினார். நான் போய் நோட்டைத் திறந்து, தேதி போட்டு, இரண்டு டப்பாக்களின் எடையையும் எழுதி, பூட்டிவைத்தேன். சாறு அறையில் அண்ணி புதுக் கூடையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பெஞ்சில் எனக்குக் கொஞ்சம் இடம் விட்டிருந்தாள்.